காற்றுப் புகாத உபகுழு

நான் ஓட்டக்காரியாத்தான் பிறந்தனான். கொழும்புதான் என்னை நடைக்காரியாக்கினது.

பள்ளிக்கூடத்தில நானூறு மீற்றரில என்னை முந்த ஒருத்தியும் இருக்கேல்லை. பிறகு கலியாணம், ரெண்டு பெடியள், துறைமுகப் பக்கத்தில ஒரு கப்பல் ஏஜென்சியில டைப் அடிக்கிற வேலை. ஐம்பது வயசு தாண்டி, இனி எனக்கெண்டு கொஞ்சம் ஓடுவம் எண்டு சப்பாத்தைக் கட்டினால் நாட்டில சண்டை. கொட்டாஞ்சேனையில விடியக்காலமை ஒரு தமிழ்ப் பொம்பிளை ஓடினால் ரெண்டு கேள்வி வரும். எங்கயிருந்து ஓடுறாய்? எதை வைச்சிட்டு ஓடுறாய்? கேக்கிறவன் நல்லவன். கேக்காமலே முடிவெடுக்கிறவனும் இருக்கிறான். அதால நான் நடந்தன். சும்மா ஆடி அசைஞ்சு நடக்க எனக்கு ஏலாது, அது பிறவிக் குணம். ஒரு கால் நிலத்தில இருக்க மற்றக் காலை எவ்வளவு கெதியா வைக்கலாமோ அவ்வளவு கெதியா வைச்சு, இடுப்பை வெட்டி வெட்டி நடந்தன். அதுக்கு வேகநடை எண்டு பேர் இருக்கு, உலகத்தில அதுக்குப் போட்டியெல்லாம் வைக்கிறாங்கள் எண்டு பிறகுதான் எனக்குத் தெரியும். என்ர மனுசன் சிறில் முதல்நாள் என்னைப் பாத்திட்டு, ஓடுறதுக்கு லைசன்ஸ் கிடைக்காத ஆள் மாதிரி நடக்கிறாய் எண்டார்.

கொட்டாஞ்சேனையில இருந்து முகத்துவாரம் போய்த் திரும்பினால் அஞ்சு கிலோமீற்றர். அதுக்குள்ள மூண்டு இடத்தில மறிப்பாங்கள். ஐ.சி.யை, அடையாள அட்டையை, காட்டவேணும், பையைத் திறக்கவேணும், எங்க போறாய் எண்டதுக்குப் பதில் சொல்லவேணும். ரெண்டாவது செக்பொயின்ற்றில நிக்கிற பெடியனுக்கு என்னைத் தெரியும். எனக்கும் அவனைத் தெரியும், அவன்ர தாய்க்கு முழங்கால் வருத்தம் எண்டும் தெரியும். எண்டாலும் ஒவ்வொரு நாளும் கையைக் காட்டி மறிப்பான். கடமை. நல்லா மூச்சுப் பிடிச்சு, காலும் கையும் ஒரு தாளத்துக்கு வந்து சேருற நேரம் பாத்து ஒரு கை முன்னால வரும்.

அதால எனக்கு ஒரு ஆசை இருந்தது. பதக்கமும் இல்லை, பேப்பரில படமும் இல்லை. அஞ்சு கிலோமீற்றர், துவக்கத்தில துவங்கி முடிவு வரைக்கும், ஒருத்தரும் மறிக்காமல் ஒருக்கா நடக்கவேணும். இதைச் சொன்னால் சிரிப்பினம் எண்டு சிறிலைத் தவிர ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

அந்த நேரத்திலதான் நோர்வேயில இருந்து அழைப்பு வந்தது. கடலோரமா ஒரு சின்ன ஊர், ஐப்பசி மாசம், மூத்தோருக்கான சர்வதேச வேகநடைப் போட்டி, பெண்களுக்கு அஞ்சு கிலோமீற்றர். கொழும்பு லொட்ஜுகளில தங்கியிருந்த எங்கட சனத்தைப் பொலிஸ் விடியப்புறம் பஸ்ஸில ஏத்தி வடக்குக் கிழக்குக்கு அனுப்பின அதே வருஷம். அழைப்பு எனக்கு வரேல்லை. வெள்ளவத்தையில இருந்த கொழும்பு வாழ் மூத்தோர் வேகநடைச் சம்மேளனத்துக்கு வந்தது. சம்மேளனத்தில நாப்பது அங்கத்தவர். நடக்கிறது நான் ஒருத்தி. மற்றவை நிர்வாகம்.

தலைவர் யோகநாதன் ஐயா, ஓய்வுபெற்ற மேலதிகப் பணிப்பாளர். எதுக்கு மேலதிகம், எதுக்குப் பணிப்பாளர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. வீட்டில இருந்து பாமன்கடைச் சந்தி வரைக்கும் போறதுக்கே ஓட்டோ பிடிக்கிற மனுசன். செயலாளர் நாகேந்திரம், கணக்காளர். தலைவர் தும்மினாலும் கூட்ட மினிற்ஸில எழுதுவார்.

எனக்கு நெஞ்சில இழுப்பு இருக்கு. குளிர்காத்துப் பட்டால் மூச்சு இழுத்துக்கொள்ளும். டொக்டரிட்டப் போய்க் கேட்டன். போகலாம், நடக்கலாம், ஆனா நெஞ்சில காத்து அடிக்கப்படாது, அதேநேரம் வேர்வை உள்ளுக்க நிண்டு குளிரவும் படாது எண்டார். ரெண்டில எது நடந்தாலும் நடுவழியில விழுவீங்கள் எண்டு சிரிச்சுக்கொண்டே சொன்னார். சொஃப்ற்ஷெல் எண்டு ஒரு சாதி ஜக்கெற் இருக்காம். வெளியில இருந்து வாற காத்தை விடாது, உள்ளுக்க இருக்கிற வேர்வையை வெளியில விடும், கையை வீசினால் துணியும் கூட இழுபடும். அப்படி ஒண்டு வாங்குங்கோ எண்டார். நானும் மடைச்சி, சம்மேளனக் கூட்டத்தில எழும்பி இதைச் சொல்லிப்போட்டன்.

சிறில் பிறகு கேட்டார், வாயை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாதோ, பேசாமல் ஒண்டை வாங்கியிருக்கலாமே எண்டு. இருந்திருக்கலாம். ஆனா சம்மேளனத்துக்கு யாப்பு எண்டு ஒரு சட்டப்புத்தகம் இருக்கே. வீரர்கள் அணியும் உடை சம்மேளனத்தால தெரிவு செய்யப்படவேணும், இல்லாட்டி பேர் அனுப்பப்படாது. என்ர பேரை நோர்வேக்கு அனுப்புறது நாகேந்திரத்தின்ர கையில இருந்தது. ஜக்கெற் முடிவாகாமல் பேர் போகாது எண்டு அவர் அந்த இடத்திலயே எழுதிப்போட்டார்.

உடன ஜக்கெற் தெரிவு உபகுழு அமைச்சினம். ஏழு பேர். என்னைப் போடேல்லை. நான் கேட்டன், போடப்போறது நானெல்லோ, நானும் இருக்கலாமே எண்டு. தலைவர் எழும்பினார். அவர் எழும்பினால் கதிரைக்கும் தெரியும், இப்போதைக்கு இருக்கமாட்டார் எண்டு.

"அணியப்போகிறவரையே தெரிவுக்குழுவில் அமர்த்துவது பக்கச்சார்புக்கு வழிவகுக்கும். நாங்கள் ஏழு பேரும் நடுநிலையாளர்கள். எங்களில் ஒருவருக்கும் குளிரைத் தெரியாது. நடையையும் தெரியாது. அதுவே எங்கள் பலம்."

எல்லாரும் கை தட்டிச்சினம். கை தட்டி முடியத்தான் நானும் தட்டியிருக்கிறன் எண்டு கண்டன்.

முதல் மூண்டு கூட்டமும் நிறத்தில போச்சு. சிவப்பு எண்டு ஒருத்தர் சொன்னார். சிவப்பில மஞ்சள் வெளிச்சம் பட்டால் இயக்கத்தின்ர கொடி மாதிரித் தெரியும், ஆமிக்காரன் என்ன நினைப்பான் எண்டு மற்றவர் கேட்டார், சிவப்புப் போச்சு, போற வழியில மஞ்சளையும் கூட்டிக்கொண்டு போச்சு. பச்சை ஒரு கட்சி, நீலம் இன்னொரு கட்சி. கடும்பச்சை ஆமிக்காரன்ர நிறம், அதைப் போட்டால் மற்றப் பக்கம் என்ன நினைக்கும்? கறுப்பு துக்கம். வெள்ளை எண்டால் சமாதானம், அந்த நேரத்தில அதுதான் எல்லாத்திலயும் ஆபத்தான நிறம். கடைசியில சாம்பல் எண்டு முடிவாச்சு. சாம்பலுக்கு ஒரு எதிரியும் இல்லை எண்டார் தலைவர். நாகேந்திரம் அதை எழுதிக் கீழ கோடும் போட்டார்.

பிறகு மாதிரிகள் வந்தது. மூண்டு. மோட்டச்சைக்கிள் ஓடுற ஆக்கள் மழைக்குப் போடுற பிளாஸ்ரிக் கோட்டு ஒண்டு. நுவரெலியாச் சந்தையில வாங்கின கம்பளிச் சுவெற்றர் ஒண்டு, தலைவர் ஒரு சித்திரை லீவில அங்க நாலுநாள் நிண்டவர், அதால சம்மேளனத்தில குளிர் சம்பந்தமான நிபுணர் அவர்தான். மூண்டாவது உண்மையான சொஃப்ற்ஷெல், சாம்பல் நிறம், நாகேந்திரத்தின்ர மச்சான் லண்டனில இருந்து வரேக்க கொண்டுவந்து குடுத்தது. நான் மேசைக்குக் கிட்டப் போய் விரலால ஒருக்காத் தடவிப் பாத்தன். உள்ளுக்க மெத்தெண்டு இருந்தது, இழுத்தால் இழுபட்டது. எனக்கு அப்பவே தெரியும், இதுதான் எண்டு. சொன்னால் பக்கச்சார்பு எண்டு சொல்லாமல் வந்து கதிரையில இருந்தன்.

காத்துப் பரிசோதனையை வெள்ளவத்தைக் கடற்கரையில, ரெயில்பாதைக்கு அங்கால கல்லுப் பக்கத்தில வைக்கிறதெண்டு முடிவாச்சு. ஆடி மாசம், பின்னேரம், காத்தெண்டால் காத்து, நிக்க ஏலாது. பரிசோதனைக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. மூண்டு மாதிரியும் போட்டு நான் அங்கயும் இங்கயும் நடக்கிறது, எதில காத்துப் புகுது எண்டு சொல்லுறது. கால் மணித்தியால வேலை.

ஆனா சம்மேளனத்தில எந்த நிகழ்வும் மங்கல விளக்கேத்தாமல் துவங்கினதில்லை.

ஆளுயரப் பித்தளைக் குத்துவிளக்கை ரெண்டு பேர் ரெயில்பாதைக்கு மேலால தூக்கி வந்து கல்லில நிறுத்திச்சினம். தலைவர் சப்பாத்தைக் கழட்டினார். நெருப்புக்குச்சி தட்டினார், அணைஞ்சுது. இன்னொண்டு தட்டினார், அதுவும் அணைஞ்சுது. ஒரு பெட்டி முடிஞ்சுது. கற்பூரம் வந்தது, அது எரியிறதுக்கு முதலே பறந்து கடலில விழுந்தது. குடை பிடிச்சுப் பாத்தினம், குடை மற்றப் பக்கம் மடங்கிச்சுது. உபகுழு ஏழு பேரும் வேட்டியை விரிச்சுக்கொண்டு வட்டமா நிண்டினம், அதை நான் விவரிக்கப் போறதில்லை. நான் மெல்லமாச் சொன்னன், ஐயா, இருட்டப் போகுது, விளக்கை விட்டிட்டு நடப்பமே எண்டு. தலைவர் என்னைப் பாத்த பார்வையில, நான் ஏதோ பிரேதத்தை விட்டிட்டுச் சாப்பிடப் போவம் எண்டு சொன்னமாதிரி இருந்தது.

அப்பதான் நாகேந்திரத்துக்கு ஒரு யோசனை வந்தது. லண்டன் ஜக்கெற்றை எடுத்து விளக்கைச் சுத்திப் பிடிச்சார். தலைவர் குச்சி தட்டினார். திரி பத்திச்சுது. அஞ்சு திரியும் பத்திச்சுது. அந்தக் காத்தில, அந்தக் கடற்கரையில, ஒரு சுடரும் அசையேல்லை. நான் என்ர ஆயுசில அதைவிட நல்ல பரிசோதனை காணேல்லை. வாயை அடக்க ஏலாமல் கேட்டன், ஐயா, காத்துப் புகேல்லை எண்டு இப்ப தெரிஞ்சுதுதானே?

தெரியேல்லை எண்டார். விளக்கேத்தி, அகவணக்கம் செலுத்தி, வரவேற்புரை முடிஞ்ச பிறகுதான் பரிசோதனை துவங்கும். துவங்குறதுக்கு முதல் வந்த பெறுபேறு செல்லாது.

செல்லாத பெறுபேறு நல்ல பிரகாசமா எரிஞ்சுகொண்டிருந்தது. கடற்படை அதைக் கண்டிட்டுது.

யோசிச்சுப் பாருங்கோ. சண்டைக் காலம். மைம்மல் பொழுது, ஆள் முகம் தெரியாத நேரம். தமிழாக்கள் எட்டுப் பேர் கடற்கரையில நிண்டு, சாம்பல் துணியால மறைச்சு மறைச்சு, கடலைப் பாத்து வெளிச்சம் காட்டுகினம். நேவிக்காரர் ஓடிவந்தாங்கள், துவக்கை நீட்டிக்கொண்டு. காத்தால அணைக்க முடியாத விளக்கை ஒருத்தன் சப்பாத்துக் காலால தள்ளி விழுத்தி அணைச்சான். எல்லாரையும் கல்லில வரிசையா இருத்தினாங்கள். எங்கட கூட்டத்தில சிங்களம் வடிவாக் கதைக்கிறது நான்தான், கப்பல் ஏஜென்சிப் பழக்கம். எழும்பி விளக்கப்படுத்தினன். நோர்வே எண்டு சொன்ன உடன அவங்கட முகம் இன்னும் இறுகிச்சுது; சமாதானம் பேசவெண்டு வந்த நாடு, அவங்களுக்கு அதில கோவம். ஜக்கெற்றில காத்துப் புகுதோ எண்டு பாக்க வந்தனாங்கள் எண்டன். அதில மூத்தவன் விளக்கைக் கையால காட்டினான்.

"எத்தக்கொட பஹன மொகடத, அம்மே?" எண்டான். அப்பிடியெண்டால் விளக்கு என்னத்துக்கு, அம்மா?

நான் திரும்பித் தலைவரைப் பாத்தன். தலைவர் நாகேந்திரத்தைப் பாத்தார். நாகேந்திரம் எழுதுறதை நிப்பாட்டினார்.  கடைசியில அவனே பாவப்பட்டு எங்களை விட்டான், விளக்கைப் பிறகு வந்து எடுக்கச் சொன்னான். அடுத்த கூட்டத்தில வாசிச்ச அறிக்கை இப்படி இருந்தது: காற்றின் காரணமாகக் காற்றுப் பரிசோதனை ஒத்திவைக்கப்பட்டது.

ரெண்டாந்தரம் மண்டபத்துக்குள்ள வைச்சினம். விளக்கு அணையக்கூடாதெண்டு யன்னல் கதவெல்லாம் பூட்டியாச்சு. மேல சுத்தின ஃபானையும் நிப்பாட்டியாச்சு. நான் ஒவ்வொண்டாப் போட்டுக்கொண்டு மேடைக்கு முன்னால நடந்தன். ஒண்டுக்குள்ளயும் காத்துப் புகேல்லை. மூண்டும் சித்தியடைஞ்சுது. ஃபானையாவது போடுங்கோ எண்டு கெஞ்சினன். ஃபான் செயற்கைக் காற்று, நோர்வேயில வீசுறது இயற்கைக் காற்று, ரெண்டையும் குழப்பப்படாது எண்டு உபகுழு சொல்லிச்சு.

மூண்டும் சித்தியடைஞ்சதால பிரச்சினை கூடிச்சுது. பேர் அனுப்புற கடைசித் திகதி கிட்ட வந்தது, எனக்கு நித்திரையில்லை. லண்டன் ஜக்கெற் பக்கம் நாலு பேர் சாய்ஞ்சிருக்கினம் எண்டு கேள்விப்பட்டு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொழுத்திப்போட்டு வந்தன். அண்டைக்குப் பின்னேரம் உபகுழுவில ஒருத்தர் ஜக்கெற்றின்ர கழுத்துப் பக்கத்தைத் திருப்பி லேபலை வாசிச்சார். சிறீலங்காவில தைச்சது. கட்டுநாயக்காவில எங்கட பிள்ளையள் தைச்சு, லண்டனுக்குப் போய், மச்சான்ர சூட்கேஸில திரும்பி வந்திருக்கு.  தலைவருக்கு முகம் தொங்கிப் போச்சு.

"வெளிநாட்டுக் குளிரை உள்நாட்டு உற்பத்தி எப்படித் தாங்கும்?" எண்டு கேட்டார்.

லண்டன் ஜக்கெற் அதோட தட்டுப்பட்டுப் போச்சு. மற்ற ரெண்டும் உள்நாட்டு உற்பத்திதான், ஆனா அதுகளுக்கு லேபல் இல்லாததால அதைப்பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எண்டாலும் அதில ஒண்டை எடுத்தால் ஒருபக்கம் சாய்ஞ்சதாப் போகும் எண்டு, உபகுழு தானே ஒரு ஜக்கெற்றை வடிவமைக்கிறதெண்டு தீர்மானிச்சுது. ஏழு பேர் ஏழு யோசனை, ஒண்டையும் தள்ளேல்லை. காத்துப் புகப்படாது, அதால ரெக்சின், கார் சீற்றுக்குப் போடுற அதே ரெக்சின். நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்துற குடும்பப் பெண், அதால முழங்காலுக்குக் கீழ வரைக்கும் நீளம். முதுகில சம்மேளனத்தின்ர பேர் மூண்டு மொழியில. தலைவர் மேடையில அறிமுகப்படுத்தேக்க பூச்செண்டு குத்த நெஞ்சில ஒரு வளையம். தையல்காரன் அளவெடுக்க வந்தவன், யாருக்கு வருத்தம், இதென்ன ஆஸ்பத்திரி உடுப்போ எண்டு நாகேந்திரத்திட்டக் கேட்டானாம்.

போட்டுக்கொண்டு மண்டபத்தை நாலுதரம் சுத்தினன். புட்டு அவியிற மாதிரி அவிஞ்சன். கழட்டினால் உள்ளுக்க இருந்து தண்ணி ஊத்துது. டொக்டர் சொன்னதைச் சொன்னன். வேர்வை உள்ளுக்க நிண்டு, குளிரில அது ஐஸ் மாதிரிப் போய், என்ர நெஞ்சு அடைக்கும், நான் நடுறோட்டில விழுவன் எண்டு எல்லாருக்கும் விளங்கிற மாதிரிச் சொன்னன். உபகுழு அரை மணித்தியாலம் தனிய இருந்து கதைச்சிட்டு வந்து முடிவை அறிவிச்சுது. ஜக்கெற்றில குறையில்லை. வேர்வை வீராங்கனையினுடையது, அது அவரின் தனிப்பட்ட விடயம்.

சாம்பல் நிற ரெக்சின் அங்கீகரிக்கப்பட்டது. என்ர பேரும் நோர்வேக்குப் போச்சு.

அடுத்தநாள் நான் மருதானைக்குப் போனன். அங்க நடைபாதையில ஸாலிஹ் நானா எண்டு ஒருத்தர், ஏற்றுமதிக்குத் தைச்சுக் கழிச்சுவிட்ட உடுப்புகளைக் குவிச்சு வைச்சு விக்கிறவர். குவியலுக்குள்ள கையை விட்டு அரைமணித்தியாலம் கிளறினன், கடைசியில கிடைச்சுது. லண்டன் ஜக்கெற்றின்ர கூடப்பிறந்தது, அதே சாம்பல். இடக்கை நூல் மட்டும் நீலத்தில ஓடியிருக்கு, அதால வெள்ளைக்காரன் வேண்டாமெண்டிட்டான். போட்டுப் பாத்தன். கையை முன்னுக்கும் பின்னுக்கும் வீசினன். நடைபாதையில நாலு எட்டு கெதியா வைச்சுத் திரும்பி வந்தன். ஸாலிஹ் நானா சிரிச்சுக்கொண்டு, புள்ளே, எங்க ஓடுறீங்க, சல்லி தந்துட்டு ஓடுங்க எண்டார். நான் ஓடேல்லை, நடக்கிறன் எண்டன்.

அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாற விசர் எனக்கில்லை. அந்தக் காலத்தில கொழும்பு வெயிலில ஒரு தமிழ்ப் பொம்பிளை தடிச்ச ஜக்கெற் போட்டுக்கொண்டு நடந்தால், உள்ளுக்க குண்டு கட்டியிருக்கிறாள் எண்டு கதை அதோட முடிஞ்சுது. வெளியால வடிவாத் தெரியிற பிளாஸ்ரிக் பையில போட்டு, பையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வழியில இருந்த செக்பொயின்ற் எல்லாம் கடந்தன். சிறில் அதை எடுத்து என்ர பெட்டியின்ர அடியில மடிச்சு வைச்சார்.

நோர்வேக்கு நாலு பேர் போனம். நடக்க நான். நடத்தத் தலைவர். எழுத நாகேந்திரம். மகளிர் விவகாரங்களைக் கவனிக்கத் தலைவரின்ர மனுசி. சிறிலுக்கு இடமில்லை எண்டிட்டினம். அங்க இறங்கின அண்டைக்கே மூண்டு பேரும் கடைக்குப் போய்ச் சொஃப்ற்ஷெல் ஜக்கெற் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தினம். நல்ல சாமான். ஏன் நீங்கள் ரெக்சின் போடேல்லை எண்டு கேட்டன். உபகுழுவின்ர அதிகாரம் வீராங்கனையோட முடியுது, நிர்வாகிகள் சொந்தப் புத்திப்படி உடுக்கலாம் எண்டு நாகேந்திரம் விளக்கினார்.

போட்டி நாள் காத்து கடலில இருந்து கத்தி மாதிரி வந்தது. ரெக்சினைப் போட்டுக்கொண்டு துவக்கக் கோட்டுக்குப் போனன். நடுவர் ஒரு நரைச்ச தலைப் பொம்பிளை. என்னை ஒருக்கா மேலயும் கீழயும் பாத்திட்டு, முழங்கால் எங்க எண்டு கேட்டா. வேகநடையில கால் ஊன்றேக்க முழங்கால் நீட்டி நிமிர்ந்திருக்கவேணும், நடுவருக்கு அது தெரியவேணும். நடக்கிறவன் எல்லாருக்கும் தெரிஞ்ச விதி. உபகுழு ஏழு பேருக்கும் தெரியாது. இதோட துவங்க விடமாட்டன் எண்டா.

என்ர வாழ்க்கையில ஒரு விதிமுறையை நான் அவ்வளவு சந்தோஷமாக் கேட்டதில்லை. ரெக்சினைக் கழட்டி, ஆக்கள் இருக்கிற வாங்கு மேல போட்டன், பையில இருந்து ஸாலிஹ் நானாட ஜக்கெற்றை எடுத்து மாட்டினன், அதில இலக்கத்தைக் குத்தினன். வெடி வைச்சாங்கள்.

அந்தோனியாரே, என்ன றோட்டு அது. கறுப்பா, ஈரமா, ஒரு பள்ளம் இல்லை, ஒரு பீப்பாய் இல்லை, மண்மூட்டை இல்லை. காத்து வந்து நெஞ்சில அடிக்கும், அடிச்சிட்டு வெளியிலயே நிக்கும். முதுகில வேர்வை வந்தது, வந்து எங்கயோ போச்சு. மூச்சு ஒழுங்கா வந்தது. ஒரு கிலோமீற்றர் போச்சு, ரெண்டு போச்சு. முன்னால ஆறு பேர், பின்னால ஒரு கூட்டம். காலும் கையும் தாளத்துக்கு வந்து சேந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாவே சிரிச்சன். ஐம்பத்தாறு வயசில ஒரு பொம்பிளை நடுறோட்டில தனியச் சிரிச்சுக்கொண்டு போறதை அந்த ஊர்ச்சனம் கை தட்டிப் பாத்தது.

மூண்டாவது கிலோமீற்றர் வளைவில ஒரு கை முன்னால வந்தது.

என்ர கால் நிண்டுட்டுது. நான் நிப்பாட்டேல்லை, அது தானா நிண்டது. வலக்கை தானாப் போய் ஐ.சி.யைத் தேடிச்சுது. ஐ.சி. ஹோட்டலில. நிமிர்ந்து பாத்தால் ஆமிக்காரன் இல்லை, தலைவர். புது ஜக்கெற் போட்டு, றோட்டுக்கு நடுவில கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறார். பக்கத்தில அவற்ற மனுசி ரெக்சினைத் தோளில போட்டுக்கொண்டு நிக்கிறா. நாகேந்திரம் பேனையோட.

"திருமதி புளோறன்ஸ், நீங்கள் அணிந்திருப்பது அங்கீகரிக்கப்படாத ஜக்கெற். இதோடு நீங்கள் வென்றுவிட்டால், அந்த வெற்றியை நாங்கள் எப்படி ஏற்றுக்கொள்வது? தோற்றாலும் பரவாயில்லை, முறைப்படி தோற்கவேண்டும்."

எனக்கு அழுகை வந்தது. அவரில கோவம் பிறகுதான் வந்தது, முதல்ல என்ர காலிலதான். இவ்வளவு தூரம் வந்தும் ஒரு கையைக் கண்ட உடன நிண்ட கால். பின்னால வந்த பொம்பிளையள் ஒவ்வொருத்தியா என்னைக் கடந்து போனாளவை. ஒருத்தி, உதவி வேணுமோ எண்டு கையால கேட்டுக்கொண்டே போனா.

"ஐயா, மறிபடுறதுக்கெண்டால் நான் முகத்துவாரத்திலயே நடந்திருப்பன்," எண்டன். "கையை எடுங்கோ."

அவர் எடுக்கேல்லை. தலைவர் தூக்கின கையை எப்பவும் தீர்மானம் இல்லாமல் இறக்கினதில்லை. நான் குனிஞ்சு, கைக்குக் கீழால பூந்து போனன். பின்னால நாகேந்திரம், ஆள் போறா ஐயா, மினிற்ஸில என்னெண்டு எழுதுறது எண்டு கேட்டது காதில விழுந்தது.

பதினோராவதா முடிச்சன். நெஞ்சு அடைக்கேல்லை, விழேல்லை. ஆறு பேர் முன்னால இருந்த இடத்தில பத்துப் பேர், அவ்வளவுதான். நரைச்ச தலை நடுவர் வந்து தோளில தட்டி, நல்ல முழங்கால் எண்டா.

எங்களைக் கூட்டிப்போற பஸ் சூடாக்கிக்கொண்டு நிண்டது. ஏறினால் உள்ளுக்க அவசரக்கூட்டம் நடக்குது. அங்கீகரிக்கப்படாத உடையில நடந்ததுக்கு என்னிட்ட விளக்கம் கோருறது எண்டு ஒரு தீர்மானம். நிர்வாகியின்ர கைக்குக் கீழால பூந்தது சம்மேளனத்துக்கு இழுக்கு எண்டு இன்னொண்டு. வழிமொழிய ஆள் காணாமல் தலைவரின்ர மனுசி வழிமொழிஞ்சா. வீராங்கனைக்கு ஏதாவது சொல்ல இருக்கோ எண்டு தலைவர் கேட்டார்.

இல்லை எண்டிட்டு நான் இறங்கினன்.

கொடியெல்லாம் கழட்டுகினம், கயிறு சுத்துகினம். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, காத்து இன்னும் அடிக்குது. துவக்கக் கோட்டுக்குப் போய் நிண்டன். சுண்ணாம்புக் கோடு பாதி அழிஞ்சிருந்தது. வெடி வைக்க ஆளில்லை, நானா ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு சொல்லிப்போட்டு நடக்கத் துவங்கினன்.

ரெண்டாம் கிலோமீற்றரில நாயோட வந்த ஒரு கிழவன் என்னைக் கண்டிட்டு நாயையும் இழுத்துக்கொண்டு றோட்டுக்கரைக்குப் போய் நிண்டார், நான் போகட்டும் எண்டு. மூண்டாம் கிலோமீற்றர் வளைவு வெறுமையா இருந்தது. அதில கால் கொஞ்சம் தயங்கிச்சுது, போ எண்டு சொன்னன், போச்சு. பிறகு கடல், பாலம், தேவாலயம், திரும்பவும் கடல்.

முழு அஞ்சும் நடந்தன். ஒருத்தரும் மறிக்கேல்லை. நேரம் எடுக்கவும் ஒருத்தரும் இருக்கேல்லை. எவ்வளவு கெதியா நடந்தனான் எண்டு எனக்கும் தெரியாது, ஆனா நல்ல கெதிதான்.